கற்றவர் சொல்லவையும் கச்சிமாநகரும்

திருச்சிற்றம்பலம்

பேசக் கல்லாதார்க்குப் பேச்சுக் கற்பிக்குங் கழகங்கள் நம் நாட்டிற் பலவுள. பள்ளிச் சிறார்க்கு நாவன்மைப் போட்டி நடத்துவாரும், பரிசில் வழங்குவாரும், மனப்பாடஞ் செய்வித்து மேடையேற்றுவாரும் ஊர்தோறும் உளர். ஆனால், பன்னெடுங்காலம் மேடையேறிப் பழகினார் தம்முள் ஒருங்கு கூடி, ஒருவர் பேச்சை மற்றொருவர் ஆராய்ந்து, சொற்குற்றமும் பொருட்குற்றமும் எடுத்துக்காட்டித் திருத்திக்கொள்ளும் அவைகள் காண்டற்கு அரியவாயின. பெயர் பெற்ற பேச்சாளர்க்குத் திருத்தம் வேண்டுவதில்லை என்பது நம்மவர் எண்ணம் போலும். இவ்வெண்ணத்தாற் சைவ மேடைக்கு விளைந்த கேடு சிறிதன்று. புதிதாய்ப் பேசுவோன் ஒருவன் தவறினால் அத்தவறு அவனளவில் நிற்கும். கேட்போரும் அவன் புதியன் என்று பொறுப்பர். பெயர் பெற்றார் தவறினாலோ, அது பல மேடைகளிற் பல வாயிற் புகுந்து வரலாறென்றே நிலைபெற்றுவிடும்.

யாம் இளமையில் ஒரு குருபூசை நாளிற் சாக்கிய நாயனார் வரலாறு பேசினோம். அவர் காஞ்சியிற் பிறந்தார் என்று இருமுறை அழுத்தியே கூறினோம். அவையோர் மகிழ்ந்தனர், தலைவர் பாராட்டினார். கூட்டங் கலைந்தபின், திருச்சுற்றில் முதியவர் ஒருவர் எம்மை அழைத்து, "தம்பி, அவர் பிறந்தது சங்கமங்கை. பிறவாமைக்கு வழி தேடிக் காஞ்சிக்கு வந்து சாக்கியரைச் சார்ந்தார். சேக்கிழார் வாக்கை மறுபடியும் பாரும்" என்றார். பார்த்தோம், அவர் கூறியதே மெய். அவர் கூறாதிருந்தால் இன்றளவும் அப்பிழையையே பேசிக்கொண்டிருப்போம். அவர் கூறியதும் அவையில் அன்று, திருச்சுற்றிற் றனியே என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். கற்றவன் பிழையைக் கற்றவர் முன்னிலையிலேயே எடுத்துரைக்கும் வழக்கம் நம்மிடை மங்கிவிட்டது. அவ்வழக்கத்துக்கு ஒருகாலத்து உறைவிடமாயிருந்தது இக் கச்சிமாநகரமே என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

தெய்வப்புலவர் திருவள்ளுவனார் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் எங்கு வைத்தார் என்பது நோக்கத்தக்கது. கல்வி, கேள்வி என்பவற்றை அரசியலிற் கூறியவர், இவ்விரண்டையும் அமைச்சியலின் இறுதியில் 72, 73-ஆம் அதிகாரங்களாக நிறுத்தினார். அமைச்சன் கல்வி நிரம்பியவன். சொல்வன்மையும் முன்னரே கைவரப்பெற்றவன். அத்தகையானுக்குப் பின்னரும் அவையைப் பற்றி இருபது குறள் வேண்டியிருந்தன. உணர்வுடையார் முன் சொல்லுவதை வளரும் பயிர்ப் பாத்தியில் நீர் பாய்ச்சுவதற்கு அவர் ஒப்பிட்டதும், பரந்த நூற்பொருளை உணர்ந்தார் முன்னர்ச் சொல்லிழுக்குப் படுவதை நன்னெறியினின்று நிலைதளர்ந்து விழுவதற்கு ஒப்பிட்டதும் முதிர்ந்த பேச்சாளரை நோக்கியேயாம். தொல்காப்பியமும் எண்வகை அவையத்தைக் குறித்தது. குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறின்மை, அவாவின்மை என உரையாசிரியர் எண்ணிய எட்டனுள் கல்வி ஒன்றே. ஏனைய ஏழும், பிறர் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுவோனுக்கு வேண்டுங் குணங்கள். பேசுவோனினும் கேட்போனே இறுக்கமாக ஆராயப்பட்டான் என்பது இதனாற் போதரும்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்திலே புகார் நகரத்து இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறைமை அறிந்து ஏறுமாறு கூறுகின்றான். முறைமை அறிந்து ஏறுக என்றமையால், ஏறத் தகுதியும் ஏறியபின் ஒழுங்கும் உண்டு என்பது பெறப்படும். மணிவாசகப் பெருமானும் பட்டிமண்டபம் என்னுஞ் சொல்லைத் திருவாசகத்தில் ஆண்டருளினார். அக்காப்பியத் தலைவி வஞ்சி நகரத்திற் பல சமயக் கணக்கர் கொள்கைகளையுங் கேட்கின்றாள். ஆயினும் அவற்றை அளந்தறியும் அளவை நூலை அவள் கேட்டது காஞ்சியிலேதான். இருபத்தொன்பதாங் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் வகுத்துரைக்கின்றார். இஃது புத்த சமயத்தார் நூலாதலின் அதன் முடிபு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் தமிழில் தருக்கத்தின் இலக்கணம் இத்துணை விரிவாகக் காஞ்சியைக் களமாகக் கொண்டு பேசப்பட்டது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. கேட்டல் எங்கும் நிகழும். கேட்டதை நிறுத்தறியுந் துலாக்கோல் கச்சியிற் கிடைத்தது.

நிற்க. கச்சியின் பழம்பெருமைகளுள் தலையாயது கடிகை. அது பேச்சுக் கழகமன்று. வேதமும் சாத்திரமும் பயின்ற பெருநிலையம். ஆயினும் அங்குச் சென்றார் யாவர் என்று வினவினால் நம் பொருட்கு அதன் தொடர்பு விளங்கும். கன்னட நாட்டுச் சிவமொக்கா மாவட்டத்திலே, தாளகுந்தாவிற் பிரணவேசுவரர் திருக்கோயின் முன் நிற்குங் கற்றூணில், கி. பி. 5-ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் ஒன்று உளது. கதம்பர் குலமுதல்வனாகிய மயூரசர்மன், தன் ஆசான் வீரசர்மனோடு பல்லவர் தலைநகர்க்குப் போந்து, வேதம் முழுவதும் உணரும் விருப்பினனாய்க் கடிகையுட் புகுந்தான் என்று அது கூறுகின்றது. ஆசானும் மாணாக்கனும் ஒருங்கு வந்தமை காண்க. எழுத்தறியாச் சிறுவனைக் கொணர்ந்து சேர்த்ததன்று. முன்னரே கற்றான் ஒருவன் தன் கல்வியை நிறைவு செய்தற்கு வந்தான். அச்சாசனம் அவனைத் தர்க்குகன் என்கின்றது. அதற்கு இரவலன் என்று சிலரும், வாதம் புரிவோன் என்று சிலரும் பொருள் கொண்டனர். எதுவாயினுமாக. கல்வி நாடி வந்த அவனுக்குப் பல்லவர் குதிரை வீரனொருவனோடு பூசல் நேர்ந்தது. இழிவு பொறாத அந்தணன் தருப்பை பிடித்த கையில் வாளேந்திப் போய் ஓர் அரசையே நிறுவினான். கச்சிக் கடிகையால் வேதியர் பலர் விளைந்தனர். மன்னன் ஒருவனும் விளைந்தான் என்று நகைச்சுவையாகக் கூறலாம்.

பின்னர் அக்கடிகை ஒருகால் நலிந்து மீண்டும் தழைத்தது. கயிலாயநாதர் கற்றளி எடுத்த இராசசிங்கனாகிய இரண்டாம் நரசிங்கவர்மனே அதனை மீளவும் நிலைநிறுத்தினான் என்று வேலூர்ப்பாளையச் செப்பேடு கூறும். சிவபெருமானுக்குத் திருக்கோயிலும் கற்றார்க்கு அவையும் ஒரே வேந்தனின் இரு திருப்பணிகளாக ஒரே செப்பேட்டில் எண்ணப்பட்டது நம்மனோர் மனத்திற் பதிதற்குரியது. இன்று திருப்பணிக்குப் பொருள் திரட்டுவார் பலர். அவைக்குத் திரட்டுவாரைக் காணோம். இரண்டாம் பரமேசுவரவர்மன் மகப்பேறின்றி இறந்தபோது, அரசற்று நின்ற நாட்டுக்குப் பன்னிரண்டாண்டு இளைஞனாகிய நந்திவர்மனைக் கொணர்ந்து முடிசூட்டியவருள் கடிகையாரும் ஒரு பகுதியார் என்பது வைகுந்தப்பெருமாள் கோயிற் சிற்பங்களோடு இயைந்த கல்வெட்டுக்களாற் புலனாகின்றது. கற்றாரவையின் சொல் அரசுரிமையளவும் சென்று செல்லுபடியாயிற்று.

கி. பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நகரத்தார் கல்வியைப் பெரிதும் மதிப்பவர் என்றும், நூற்றுக்கு மேற்பட்ட புத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவிகளும் எண்பது தேவர் கோயில்களும் உள என்றும் எழுதிவைத்தார். நாலந்தாவின் தலைமைப் பேராசிரியருள் ஒருவராய தருமபாலர் இவ்வூரிற் பிறந்தவர் என்பதும் அவர் குறிப்பே. இத்துணைச் சமயத்தார் ஓரூரில் நெருங்கி வாழ்ந்தால் வாதத்துக்குக் குறைவேது? ஆனால் வாதம் பெருகிய ஊரிலே அதன் இழிநிலையும் உடன் தோன்றும். அதனைக் கண்டு நகைத்தவன் அப்பரடிகளால் ஆட்கொள்ளப்பட்டான் என்று நாம் போற்றும் மகேந்திரவர்மனே. அவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் நிகழ்வது இக்காஞ்சித் தெருக்களிலேதான். கபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்து, அதனைக் கவர்ந்தான் என்று நாகசேனன் என்னும் புத்தத் துறவியைப் பற்றிக்கொள்கின்றான். இருவரும் தத்தம் சமயக் கோட்பாடுகளையே படைக்கலமாக வீசிப் பூசலிடுகின்றனர். நடுவுநிலை கூற வந்த பாசுபதனாலும் பூசல் தீரவில்லை. ஈற்றில், கபாலத்தைக் கொண்டுபோனது ஒரு நாய் என்று வெளியாகின்றது. கேட்டுத் திருத்துவார் இல்லாத வாதம் எங்குச் சென்று முடியும் என்பதற்கு இதனினும் கூரிய எடுத்துக்காட்டு யாம் கண்டிலேம். சிவனடியானாகிய அவ்வேந்தன் சிவவேடத்தானையும் நகைப்பினின்று விலக்கவில்லை என்பதையும் நினைக.

மாற்றுச் சமயத்தாரோடு வாதிடுவது வேறு, நம்முட் கூடி ஆராய்வது வேறு. ஆளுடைய பிள்ளையார் மதுரையிற் சமணரை வென்றதும், அவர் திருவருள் பெற்ற சம்பந்தசரணாலயர் போதிமங்கையிற் புத்தநந்தி, சாரிபுத்தன் என்பாரோடு வாதிட்டதும், மணிவாசகர் தில்லையிற் புத்தரை வென்றதும் முதல்வகையின. நம் மேடைகள் பெரிதும் எடுத்துப் பேசுவன இவையே. இரண்டாம் வகைக்குச் சைவம் தந்த பெருஞ்சான்று உமாபதி சிவாசாரியரின் சங்கற்ப நிராகரணம். சகம் 1235, அஃதாவது கி. பி. 1313-இல் எழுந்த அந்நூலின் அமைப்பு வியப்பிற்குரியது. மாயாவாதி தன் கோளை நிறுவ, அதனை ஐக்கியவாதி மறுத்துத் தன் கோளை நிறுவுவான், அவனைப் பாடாணவாதி மறுப்பான், அவனைப் பேதவாதி, இங்ஙனமே சிவசமவாதி, சங்கிராந்தவாதி என நிரல்படச் சென்று சித்தாந்தம் நிலைபெறும். ஆசிரியர் தாமே எழுந்து யாவரையும் அடித்து வீழ்த்தினாரல்லர். பேசினவனை அடுத்துப் பேசுபவன் ஆராய்கின்றான். அவனைப் பின்வருவோன் ஆராய்கின்றான். அவருட் பெரும்பாலார் சிவபரத்துவத்தை உடன்பட்டவரே. ஒரு கூரையின்கீழ் அமர்ந்த கற்றார் ஒருவரையொருவர் செம்மை செய்யும் அவையின் சாயல் அந்நூலில் முழுதும் உளது. அருணந்தி சிவாசாரியாரும் சித்தியார் சுபக்கத்தை அளவையோடு தொடங்கினார். அளவாதார் பேசுதல் அவர்க்கு உடன்பாடன்று.

இனிப் பெரிய காஞ்சிபுரத்தின் நடுவே விளங்குங் குமரகோட்டத்துக்குப் போவோம். ஏகம்பத்துக்கும் காமகோட்டத்துக்கும் இடையே சோமாஸ்கந்த வடிவிற் பொருந்திய அத்திருக்கோயிலின் அருச்சகர் கச்சியப்ப சிவாசாரியர், பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாற் கந்தபுராணம் பாடினார். நாடோறும் நூறு செய்யுள் பாடித் திருமுன் வைப்பர் என்றும், மறுநாட் காலையில் அவை திருத்தம் பெற்றிருக்கும் என்றும் வழிவழிக் கூறுப. அரங்கேற்றத்தின் தொடக்கத்திலேயே தடை பிறந்தது. முதற்செய்யுளின் முதற்சொற்புணர்ச்சிக்கு விதி யாது என்று அவையிலிருந்தார் ஒருவர் எழுப்பினார். அடியெடுத்துக் கொடுத்தவன் முருகப்பெருமானே என்று ஆசிரியர் கூறியும், கடாவினார் அமையவில்லை. இலக்கணங் காட்டுக என்றார். மறுநாட் சோழநாட்டினின்று வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைத் திறந்து விதி காட்ட, அவை அமைந்தது. வந்தவர் குமரவேளே என்பது அன்பர் துணிபு.

இவ்வரலாற்றை நாம் பேசும்போதெல்லாம் அற்புதத்தையே பேசுகின்றோம். அவையின் செயலைப் பேசுவதில்லை. பாடினவர் அக்கோயிற் சிவாசாரியர். முதலடி முருகன் வாக்கு. கேட்டிருந்தார் அவ்வூர் அடியார். இவ்வளவு இருந்தும் ஒருவர் துணிந்து தடை எழுப்பினார். அவரை ஒருவரும் வெளியே தள்ளவில்லை. அரங்கேற்றம் நின்று விடைக்குக் காத்திருந்தது. விடை வந்த நூலையும் பாருங்கள். வீரசோழியம் செய்த புத்தமித்திரனார் பெயரிலேயே அவர் சமயம் விளங்கும். கந்தபுராணத்தின் முதற்சொல்லுக்குப் புத்தர் ஒருவர் செய்த இலக்கணம் சான்றாயிற்று. அதனை அவை ஏற்றது. அவ்வரங்கேற்ற மண்டபத்தை இன்றும் குமரகோட்டத்திற் காட்டுவர். கந்தசட்டி நாளில் அதனைக் கடந்து செல்வோருள் எத்தனைபேர் அத்தடையை எழுப்பியவரை நினைக்கின்றனர்? அவர் பெயர் ஒருவர்க்குந் தெரியாது.

திருவாவடுதுறை மாதவச் சிவஞான முனிவர் கச்சியிற் சிலகாலம் எழுந்தருளியிருந்து காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தை அருளினார்; இரண்டாங் காண்டம் அவர் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் பாடியது. அரங்கேற்றத்தின்போது, கச்சியின் புராணத்துக்கு ஏகம்பரை முன்வைத்து வாழ்த்தாமல் தில்லைக் கூத்தனை முன்வைத்தல் தகுமோ என்று சிலர் தடுத்தனராம். கச்சியப்ப முனிவர் மறுமொழி கூறாது, அருகிருந்த ஓதுவாரை நோக்கி ஏகம்பத் தேவாரம் ஓதுமாறு வேண்டினார். ஓதுவார் வழக்கப்படி திருச்சிற்றம்பலம் என்று தொடங்கினார். ஏகம்பத்திலிருந்து கொண்டு திருச்சிற்றம்பலம் சொல்லுவானேன் என்று முனிவர் வினவ, தடுத்தார் விடை பெற்றனர். நூற்பிரமாணத்தைக் குவிக்காமல், தடுத்தார் தாமே நாடோறுங் கேட்கும் ஒன்றைக்கொண்டு அமைத்த இவ்விடை, பேச்சுத் தொழிலை மேற்கொண்டார் அனைவரும் ஆய்ந்து கற்கத்தக்கது. சிவஞான முனிவரோ ஒரு சொல்லையும் நெகிழவிடாதவர். சித்தியாருரைச் செய்தியாக எழுந்த வாதத்தில், எடுத்து என்னும் ஒரு சொல்லின் பொருட்டு, எடுத்தென்னுஞ் சொல்லுக்கிட்ட வைரக்குப்பாயம் என ஒரு தனிநூலே செய்தார். அவர் சிவபதம் எய்தியது 1785-இல். கச்சியப்ப முனிவர் 1790-இற் காஞ்சியிலேயே எய்தினார். அதன்பின் அம்மரபு இந்நகரிற் படிப்படியாக நலிந்தது.

மீட்டும் அது வேறிடத்தில் வேறு வடிவோடு எழுந்தது. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை முதற் பிரசங்கஞ் செய்தார். அந்நாளில் அவர் பேர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் பள்ளியில் ஆசிரியர். விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பாதிரிமார் வாரந்தோறும் மக்கள் முன்னின்று பேசும் முறையின் வலிமையை அணுகியிருந்து கண்டார். அதனைச் சைவத்துக்கு ஆக்கினார். வெள்ளிதோறும் பிரசங்கம் நடந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் உடன் பேசினார். ஒருவரே பேசாது இருவர் மாறிமாறிப் பேசியமையால் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டிருக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. புராணம் படித்துப் பயன் சொல்லும் பழைய முறையினின்று பிரிந்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் நிறுவும் தமிழ்ச் சைவச் சொற்பொழிவு அவர் முயற்சியால் உருப்பெற்றது. 1849-இல் திருவாவடுதுறை ஆதீனத்திற் பேசியபின்னரே நாவலர் என்னும் பட்டம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மக்கள் ஆரவாரம் அப்பட்டத்தைத் தரவில்லை. கற்றாரவை கேட்டுத் தந்தது.

நாவலர் 1879-இல் மறைந்தபின் சூளைச் சோமசுந்தர நாயகர் தமிழ்நாட்டுச் சைவ மேடையை ஆண்டார். அவர் 1901-இல் மறைந்தபோது மாணவராகிய மறைமலையடிகள் சோமசுந்தரக் காஞ்சி பாடினார். அக்காஞ்சி நம் ஊரன்று. நிலையாமை கூறும் துறையின் பெயர். தூத்துக்குடியில் 1883-இலும், பாளையங்கோட்டையில் 1886-இலும் சைவ சபைகள் தோன்றின. 1905-இல் ஞானியாரடிகள் அருளாணையின்படி மறைமலையடிகள் திருப்பாதிரிப்புலியூரிற் சைவசித்தாந்த மகாசமாசத்தைத் தொடங்கினார். ஞானியாரடிகள் (1873-1942) திருக்கோவலூர் ஆதீனத்து ஐந்தாம் பட்டத்து அடிகள். பலமணி நேரம் இடையறாது பேசவல்லவர். மடத்தில் மாணவரை அமர்த்திப் பாடமும் சொல்லுவார். அவர் வளர்த்த பேச்சாளர் பலர் என்பதன் காரணம் இவ்விரண்டாவதிலேயே உளது. சமாசத்தின் ஆண்டுவிழாக்களில் வேற்றூர்ப் பேச்சாளர் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பேசினர். அதுவே அவர்கட்கு ஒரு பயிற்சியாயிற்று. ஆயினும் ஆயிரம் பேர் இருக்கும் பந்தலில் திருத்தம் சொல்ல இயலாது. விழா வளர்ந்தது, அவை வளரவில்லை.

அதன் பயனை நாம் 1943-இற் கண்டோம். பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் கொளுத்துதல் வேண்டும் என்னுங் கொள்கையை நிறுவ எழுந்தவர் இக்காஞ்சியிலேயே 1909-இற் பிறந்த அண்ணாதுரை. பிப்பிரவரித் திங்களிற் சென்னைச் சட்டக்கல்லூரியில் இரா. பி. சேதுப்பிள்ளையவர்களும், மார்ச்சுத் திங்களிற் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அவரோடு எதிரெதிர் நின்று பேசினர். அவருடைய கொள்கை நமக்கு ஒருசிறிதும் உடன்பாடன்று. திருத்தொண்டர் வரலாற்றை அவர் பொருள்கொண்ட முறை பிழை என்றே யாம் இன்றும் கூறுவோம். ஆனால் அவ்விரண்டு பேச்சும் பின்னர் நூலாக வெளிவந்து நாடெங்கும் பரவியபோது, சைவ மேடை என்ன செய்தது? கற்றார் கற்றார்க்கே எழுதிக்கொண்டிருந்தனர். பொருள் நம்மிடம் இருந்தது. தெருவில் நிற்பானுக்கு அதனைப் பத்து நிமையத்திற் சொல்லும் பயிற்சி நம்மிடம் இல்லை. அவரோ மாணவப் பருவந்தொட்டே எதிர்வாதம் செய்து பழகினவர். காஞ்சி ஈன்ற நாவன்மை காஞ்சிப் புராணத்துக்குப் பயன்படாது போயிற்று. குற்றம் முழுவதும் அவருடையதென்று சொல்ல எமக்கு மனமில்லை.

இனி மேனாட்டில் நிகழ்ந்ததைச் சிறிது காண்போம். மகாசமாசம் தோன்றிய அதே 1905-இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரத்தில் இரால்பு சுமெட்லி என்பவர் இளைஞர்க்குப் பேச்சுப் பயிற்சிக் கூட்டம் ஒன்று தொடங்கினார். 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரத்தில், கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத்தின் நிலவறையில் அது நிலையான உருக்கொண்டது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் அக்கழகங்கள் இன்று உலகெங்கும், நம் சென்னையிலும் உள. அவற்றுள் சில, தொடக்கப் பயிற்சியை முடித்தார்க்கு மட்டும் இடங்கொடுப்பன. அங்குப் பேச்சுக்கு ஐந்து முதல் ஏழு நிமையம் என்பது பொதுவழக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் காலத்தை அறிவிக்கும். ஒருவர் காலங் கணிப்பார். ஒருவர் இலக்கணம் நோக்குவார். ஒருவர் ஆ, ஊ என்னும் வெற்றொலிகளை எண்ணுவார். பேச்சாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் எழுந்து அவையறியக் குறைநிறை கூறுவார். பின்னர் அம்மதிப்பீட்டாளர் கூறியது தக்கதோ என்று மற்றொருவர் அவரையும் மதிப்பிடுவார். தீர்ப்புக் கூறுவோனும் தீர்க்கப்படுதல் இங்கும் உளது. எண்வகை அவையத்தை வகுத்த நம் முன்னோர் இதனைக் கேட்டிருந்தால் வியவார்.

ஆனால் அவர்கள் அவை நமக்கு முற்றும் போதாது. அங்கு ஆராயப்படுவது சொல்லும் முறை. சொல்லப்படும் பொருள் மெய்யோ பொய்யோ என்பது அவர்க்கு அத்துணை முதன்மையன்று. ஏழு நிமையத்துள் பிழையான வரலாற்றை அழகுறப் பேசினான் அங்குப் பாராட்டும் பெறக்கூடும். நமக்கோ சாக்கியர் பிறந்த ஊர் தவறினாற் பேச்சே தவறிற்று. மறுபுறம், பொருள் பிழையாத நம் புலவர் பலர், கேட்போர் எழுந்து போனபின்னரும் முடிக்கத் தெரியாதவர். காலத்துக்கு விளக்கு வைத்தல் அவர்க்கு நன்று. பிள்ளையார்பாளையத்துத் தறியிற் பட்டுப் புடைவையின் உடலுக்கும் கரைக்கும் கோர்வை போடுங்கால், நெய்வாரோடு உடனிருந்து மறுபக்கத்து நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். ஒருவரே இருபுறமும் இழுத்தால் கோர்வை இழுக்கும். பேச்சும் அங்ஙனமே, பொருளும் முறையும் ஓரிடத்துச் சேரும் அவ்விளிம்பைப் பேசுவோன் தானே காணமாட்டான்.

ஆதலின் பெரிய காஞ்சிபுரத்தில் வாழும் சைவப் பேச்சாளர்க்கு யாம் ஒன்று வேண்டுகின்றோம். புதிய சபை வேண்டா. பதிவு, தலைவர், மாலை, ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டா. பத்தாண்டு மேடையேறியவர் ஆறுபேர் அல்லது எண்மர், திங்கட்கு ஒருமுறை, பூரம் அல்லது பிரதோட வழிபாடு முடிந்தபின், குமரகோட்டத்துக்கு அருகில் ஓர் இல்லத்திற் கூடுக. ஒருவர் அரைமணி பேசுக. ஒருவர் கையிற் பெரியபுராணமும் திருமுறையும் வைத்துக்கொண்டு மேற்கோளைச் சரிபார்க்க. ஒருவர் நாழிகை பார்க்க. ஒருவர், சைவமே அறியாத பதினெட்டாண்டு இளைஞன் போன்று, விளங்காத இடங்களையெல்லாம் தடுத்துக் கேட்க. பேசி முடித்தவர் மறுமொழி கூறாது அனைத்தையுங் கேட்டுக்கொண்டு எழுதி வைத்துக்கொள்க. பிழை கூறினார்மேற் சினங்கொள்வார் அத்திங்களோடு நின்றுகொள்க. முதற் கூட்டத்திற்குச் சாக்கிய நாயனார் வரலாற்றைப் பேச யாமே வருவோம். இம்முறை எம் பிழையை அவையிலேயே கூறுக.